மாலை போட்ட பிறகு வந்த கேள்வி

எங்கள் குடியிருப்பில் தாட்சாயிணி அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம்தான் பதில் வரும். "தங்கமான பொண்ணு. ஆனா எதையும் இருந்த இடத்துல இருக்க விடாது" என்பார் ராஜகுமாரி அம்மா. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மனோகரன் சாரின் மனைவி அவர். அக்காவின் கணவர் ஜெகதீஷ் அண்ணன் அவ்வளவுகூடப் பேச மாட்டார். காலையில் காப்பித்தூள் டப்பாவைத் தேடி ஒவ்வொரு அலமாரியாகத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் போதும்.

நான் எதிர் வீடு. சமையலறைச் சத்தம் அப்படியே கேட்கும்.

"டப்பா எங்க தாட்சா?"

"மேல் தட்டுல. அங்கதான் கைக்கு வசதி."

"போன வாரம் கீழ் தட்டுதான் வசதின்னு சொன்ன."

"அது போன வாரம்."

அக்காவுக்கு விருதுநகர் பக்கம். கல்யாணமாகிப் பாரிவாக்கம் வந்து சேர்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. மற்றவர்கள் செய்து கொடுப்பதில் எங்கே உடையும் என்று தேடிச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனி கொடுத்திருக்கும் மடிக்கணினியில் அவரால் எதையும் மாற்ற முடியாது. பின்னால் தெரியும் படத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்றப் போனால் 'நிர்வாகியை அணுகவும்' என்று வரும். ஒருநாள் அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். சாம்பல் நிறத்தில் கம்பெனியின் பெயர் மட்டும். "பன்னிரண்டு வருஷமா இதே மூஞ்சிதான்" என்றார்.

அதனால்தான் சங்கத்துக் கணினி அவருக்கு அத்தனை பிரியம்.

யாரோ வீடு காலி செய்யும்போது விட்டுப்போன பழைய பெட்டி அது. பூந்தமல்லி கடைக்காரர், எடைக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அதில் லினக்ஸ் போட்டார். உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் இயங்குதளம் அது. யாரும் பார்க்கலாம், யாரும் மாற்றலாம். அந்த 'மாற்றலாம்' என்பதுதான் அக்காவைப் பிடித்துக்கொண்டது. கீழே மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் கணினியை வைத்து, அறைச் சாவியை அக்காவிடமே கொடுத்தார்கள். சிவப்புக் கயிறு கட்டிய சாவி. அவர் வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கும். அவர் வீட்டில் இடம் மாறாத ஒரே பொருள் அதுதான்.

லினக்ஸில் நம் கண்ணுக்குத் தெரிகிற முகப்பு தனியாக வரும். அதற்கு அடியில் ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் வரைந்து கொடுக்கும் கருவித்தொகுப்பு ஒன்று இருக்கும். அக்கா எனக்கு இப்படித்தான் விளக்கினார்: "முகப்பு கல்யாண மண்டபம் மாதிரி. கருவித்தொகுப்பு, நாற்காலி வாடகைக்கு விடுறவர். அவர் புது மாடல் நாற்காலி இறக்கினா மண்டபமே வேற மாதிரி தெரியும். பழைய நாற்காலிக்குத் தைச்ச உறை புதுசுக்குச் சேராது." சொல்லும்போது அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். புது நாற்காலி எப்போது வரும் என்று மண்டப வாசலிலேயே நிற்கிற ஆள்.

சங்கக் கணினியை அதிகம் பயன்படுத்துபவர் மனோகரன் சார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தியலை எந்த ஆணியில் மாட்டினாரோ அதே ஆணியில் முப்பது வருடம் எடுத்தவர். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் மறுநாள் காலை, சின்ன அறையிலிருந்து அவர் குரல் படிக்கட்டு வழியாக மேலே வரும்.

"ஏம்மா தாட்சாயிணி! கீழே ஒரு பட்டி இருந்துதே, எங்க?"

"மேல போயிடுச்சு சார்."

"யாரைக் கேட்டுப் போச்சு?"

இன்னொரு முறை, பக்கத்தைக் கீழே நகர்த்தும் கம்பியைக் காணவில்லை.

"ஒளிஞ்சிருக்கும் சார். மவுஸைக் கிட்ட கொண்டுபோனா வரும்."

"நான் என்ன இந்த வயசுல கண்ணாமூச்சியா ஆடுறேன்? லாரி தண்ணிக்காரன் நம்பர் வேணும்மா எனக்கு."

பட்டியலெல்லாம் மறைந்து, மூலையில் மூன்று படுக்கைக் கோடுகள் மட்டும் வந்தபோது அவர் அதற்குப் 'பட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். நெற்றியில் தினமும் திருநீறு பூசுகிறவர், அதனால் அது அவருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. "பட்டையை அமுக்குனா எல்லாம் வருது" என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கறுப்பு நிற முகப்பு வந்த அன்று மட்டும் பெரிய குழப்பம். ராஜகுமாரி அம்மா எட்டிப் பார்த்து, மின்சாரம் போய்விட்டது என்று தேவாவைக் கூப்பிட்டுவிட்டார். தேவா எங்கள் காவலாளி. மின்சார வேலை, குழாய் வேலை எல்லாம் அவர்தான். டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கரண்ட்டு கீதும்மா. பொட்டிதான் துக்கம் கொண்டாடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டு அந்தக் கணினியை ஏன் வைத்திருந்தோம் என்றால், தண்ணீருக்காக.

மனோகரன் சார் ஆயுத பூஜையைத் தொழிற்சாலை முறையில் நடத்துவார். சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டால் அந்தக் கருவியை மறுநாள் விஜயதசமி காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. "எங்க ஃபேக்டரியில மாலை போட்ட மெஷினை ஜெனரல் மேனேஜர்கூடத் தொட மாட்டார்" என்பார். எங்கள் குடியிருப்பில் அவர் மாலை போடும் முதல் கருவி, போர்வெல் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி. ஆக, வருடத்தில் ஒருநாள் மொத்தக் கட்டடமும் பக்கெட்டோடு நிற்கும்.

அக்காதான் இதற்கு வழி கண்டுபிடித்தார். மோட்டாரைக் கணினியோடு இணைத்து, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தானாக ஓடும்படி ஒரு சின்ன நிரல் எழுதினார். திரையில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பச்சைப் பொத்தான். யார் கையும் படாமல் மோட்டார் ஓடியது. மனோகரன் சார் யோசித்துப் பார்த்து, "நாம தொடலையே. அதுவா ஓடுது. தப்பில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாரிவாக்கத்திலேயே ஆயுத பூஜையன்று சாஸ்திரமும் கெடாமல் தண்ணீரும் வரும் கட்டடம் எங்களுடையதுதான் என்று அவருக்குப் பெருமை.

போன சித்திரையில் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. அக்கா முகப்பை மேம்படுத்தினார். மறுநாள் மோட்டார் ஜன்னலே திறக்கவில்லை. நாற்காலி மாறிவிட்டது, உறை சேரவில்லை. வெயில் காலத்தில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. சங்கக் கூட்டம் போட்டார்கள்.

"இதான் கடைசி" என்றார் மனோகரன் சார். "இன்னொரு தடவை உன் மேம்படுத்தலால தண்ணி நின்னுச்சுன்னா, சாவியைச் சங்கத்துகிட்ட குடுத்துடணும். தேவா சாதாரண டைமர் ஒண்ணு மாட்டிடட்டும். கணினியை எடைக்குப் போட்டுடலாம். சரியா?"

அக்கா தலையாட்டினார். அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து சாவியின் சிவப்புக் கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் குப்பைக் கூடையோடு அவரைத் தாண்டி இறங்க வேண்டியிருந்தது. "இந்த ஊர்ல நான் சொன்னபடி கேக்கற பெட்டி இது ஒண்ணுதான்" என்றார். நான் குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் ஒன்றையும் தொடவில்லை. திரை மூலையில் 'புதிய பதிப்பு உள்ளது' என்று ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஆனால் ஆயுத பூஜை நெருங்கியது. ஊரெல்லாம் துடைக்கிறார்கள், எண்ணெய் போடுகிறார்கள், ஆட்டோவுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். தேவாகூடத் தன் குறடுக்குப் பளபளவென்று புதுப் பிடி மாட்டினார். அக்காவுக்குத் தாங்கவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க சாமானைப் புதுசு பண்ணித்தானே சாமி முன்னால வைக்கிறாங்க? என்னோடது மட்டும் பழைய முகத்தோட நிக்கணுமா?" என்று ஜெகதீஷ் அண்ணனிடம் கேட்டார்.

"நிக்கட்டுமே. நானும் பழைய மூஞ்சியோடதான நிக்கிறேன்."

"உங்களுக்குப் புதுப் பதிப்பு வரலை. அதுக்கு வந்திருக்கு."

இந்த முறை அக்கா தயாராக இருந்தார். புதிய கருவித்தொகுப்புக்கு ஏற்ப மோட்டார் ஜன்னலை முழுக்கத் திருத்தி எழுதி, வேறொரு பெட்டியில் போட்டுச் சோதித்து, உடைக்கிற விதமெல்லாம் உடைத்துப் பார்த்தார். ஆயுத பூஜை அன்று காலை மோட்டார் ஓடி முடித்ததும் மேம்படுத்தலை ஆரம்பித்தார். பூஜைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். ஆனால் பண்டிகை நாள், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் கைபேசியும் ஓடுகின்றன. இணையம் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீளக் கோடு முக்கால்வாசி நிறைந்திருந்தபோது வாசலில் மணிச் சத்தம் கேட்டது. மனோகரன் சார் பட்டு வேட்டியோடு, கையில் பூந்தமல்லி சாமந்தி மாலையோடு நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?"

"நான் கை வைக்க வேண்டியது முடிஞ்சுது சார். இனிமே அதுவா ஓடிக்கும்."

"அதுவா ஓடுதுன்னா தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, மோதிர விரலால் சந்தனத்தை அள்ளித் திரையின் நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு வைத்தார். அதன் மேல் குங்குமம்.

"ஐயோ சார், திரையில வேண்டாம். ஓரத்துல வைங்க."

"மூஞ்சிக்கு நடுவுலதானேம்மா பொட்டு வைப்பாங்க. காதுலயா வைப்பாங்க?"

மாலை விழுந்தது. விசைப்பலகை மேல் ஒரு எலுமிச்சம்பழம். இணையப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்து, "இதுக்கும் ஓய்வு வேணும்" என்று அதை அணைத்துவிட்டார். நல்லவேளை, இறங்க வேண்டியது எல்லாம் இறங்கி முடிந்திருந்தது. சுவிட்சுப் பெட்டிக்கு மாலை. தேவாவின் குறடுக்கு மாலை. கடைசியாக அறையைப் பூட்டி, சிவப்புக் கயிற்றுச் சாவியைப் பூஜைத் தட்டில் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார். எல்லாருக்கும் பொரியும் சுண்டலும் கிடைத்தன. வாசலில் பூசணிக்காய் உடைந்தது.

அக்கா சுண்டல் தொன்னையோடு அறை ஜன்னல் பக்கம் போய்க் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நானும் பார்த்தேன். திரையில் அந்த நீளக் கோடு நின்றுபோயிருந்தது. நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. அதன் மேல்வரி ஏதோ ஒரு கோப்பின் பெயரில் தொடங்கிப் பொட்டுக்குள் போய் மறைந்தது. அடியில் இரண்டு பொத்தான்கள்: 'வைத்திரு', 'மாற்று'.

"கேள்வி கேக்குது" என்றார் அக்கா. "நான் கைப்பட மாத்தின ஏதோ ஒரு கோப்பைப் பத்திக் கேக்குது. பழசை வெச்சுக்கவா, புதுசைப் போடவான்னு. பதில் சொல்ற வரைக்கும் அசையாது."

"எந்தக் கோப்பு?"

"அது சந்தனத்துக்குள்ள இருக்கு."

பழைய கருவித்தொகுப்பு போய்விட்டது, இறங்கிய புதியது பாதிதான் பொருந்தியிருக்கிறது. மோட்டார் ஜன்னல் மூடிக் கிடந்தது. சாயங்கால ஓட்டம் நடக்காது. அன்றைக்குப் பார்த்துக் கட்டடம் முழுக்கத் தலைக்குக் குளித்திருந்தது. சைக்கிளிலிருந்து கார் வரை எல்லா வண்டியையும் பூஜைக்காகக் கழுவித் தள்ளியிருந்தார்கள். தேவா மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேல தட்டுனா டொய்ங்குது, கீய தட்டுனாலும் டொய்ங்குது அக்கா. காலிப் பானை கணக்கா கீது."

"கைபேசியிலேர்ந்து உள்ள போய் ஏதாவது பண்ண முடியாதா?" என்று கேட்டார் ஜெகதீஷ் அண்ணன்.

"இணையப் பெட்டி மாலை போட்டுக்கிட்டுத் தூங்குது."

அண்ணன் வீட்டுக்குப் போய் ஒட்டடைக் கம்போடு திரும்பி வந்தார். "ஜன்னல் வழியா இதை விட்டு ஒரு அமுக்கு அமுக்கினா?"

"இன்னா சாரே, கம்பு யாரு கையில கீது?" என்றார் தேவா.

"என் கையில."

"அப்போ நீ தொட்டா மாரிதான். மனோகரன் சாருக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் உனுக்குத்தான் மாலை."

"எலுமிச்சம்பழத்தைத் தள்ளினா? அது உருண்டு போய்த் தானா அமுக்கினா?"

"சும்மா இருங்க" என்றார் அக்கா. "எந்தக் கோப்புன்னு தெரியாம அமுக்கக் கூடாது. அதுவும் இல்லாம நான் வாக்குக் குடுத்திருக்கேன். தொட மாட்டேன்." பூஜைத் தட்டில் இருந்த சாவியை ஒரு தடவை பார்த்தார். "போய்ச் சொல்லிடறேன். கேக்கறதுக்கு முன்னால நானே சொன்னதா இருக்கட்டும்."

தனியாகப் போக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் இரண்டாம் மாடிக்குப் போனோம். பின்னாலேயே அண்ணன் ஒட்டடைக் கம்போடு வந்தார்.

மனோகரன் சார் வீட்டுக் கூடத்தில் கிழக்குச் சுவரில் ஒரு நாட்காட்டி, மேற்குச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். கிழக்கு வாக்கியப் பஞ்சாங்கம், சாருடையது. மேற்கு திருக்கணிதப் பஞ்சாங்கம், ராஜகுமாரி அம்மா பிறந்த வீட்டு வழக்கம். இரண்டிலும் திதி நேரம் ஒத்துப்போகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த வீட்டில் இதற்கு ஒரு சண்டை உண்டு. எப்போதும் கிழக்குச் சுவர்தான் ஜெயிக்கும்.

நாங்கள் போனபோது ராஜகுமாரி அம்மா கூடத்தில் அவல் புடைத்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்ததால் மறுபடி தலைக்குக் குளிக்கச் சார் குளியலறையில் இருந்தார்.

"அம்மா, சார்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். தண்ணி…" என்று அக்கா ஆரம்பித்தார்.

குளியலறைக்குள் குழாய் 'கொர்ர்' என்று இழுத்து, இரண்டு முறை இருமி, நின்றது.

"ராஜகுமாரி!" என்று உள்ளேயிருந்து குரல். "தண்ணி நின்னுபோச்சு! தலை பூரா சீயக்காய்! கண்ணைத் திறக்க முடியலை!"

"சொல்ல வந்தேன், அதுக்குள்ள அதுவே சொல்லிடுச்சு" என்றார் அக்கா, அழுகிற குரலில். பிறகு கதவருகே போய் உரக்க, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். மேம்படுத்தல் பாதியில் நிற்பது, கேள்வி, சந்தனம், மாலை. "என் தப்புதான் சார். சாவியை நீங்களே எடுத்துக்கோங்க. ஆனா தண்ணி வரணும்னா நான் ஒரு பொத்தானை அமுக்கணும். நீங்க மாலையை எடுத்தாதான் அமுக்க முடியும்."

உள்ளே குழாயைத் திருகித் திருகிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்குக் காலையிலதான் தசமி. அதுக்கு முன்னால மாலையை எடுக்க முடியாது" என்றார் சார். சீயக்காய் கண்ணில் இறங்கியிருக்க வேண்டும், கடைசிச் சொல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "அந்தக் குடிதண்ணி கேனை எடுத்தாடி!"

"அது சாயங்காலம் பாயசத்துக்கு" என்றார் ராஜகுமாரி அம்மா. முறத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்க பஞ்சாங்கப்படி நாளைக்குக் காலையிலதான் தசமி. மேற்குச் சுவர்ல என்ன போட்டிருக்குன்னு யாராவது பாருங்களேன்."

அண்ணன் ஒட்டடைக் கம்போடு போய்ப் பார்த்தார். "தசமி இன்னிக்கு மத்தியானமே வந்தாச்சும்மா."

"கேட்டுதா? எங்க அப்பா வீட்டுக் கணக்குப்படி விஜயதசமி எப்பவோ பிறந்தாச்சு. இப்ப மாலையை எடுக்கலாம், மெஷினைத் தொடலாம், எல்லாம் பண்ணலாம்."

"அது திருக்கணிதம்!"

"அப்ப சீயக்காயோட இருங்க."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். கதவுக்குப் பின்னால் பக்கெட்டில் சொம்பு சுரண்டும் சத்தம். அதில் ஒன்றும் இல்லை என்பது கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"சரி," என்றார் சார் கடைசியில்.

"என்ன சரி?"

"மேற்குச் சுவர் சரி."

"யாரோட பஞ்சாங்கம்?"

"உங்க அப்பா வீட்டுப் பஞ்சாங்கம் சரி! போதுமா? இன்னிக்கு மட்டும்!"

ராஜகுமாரி அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கேனிலிருந்து ஒரே ஒரு சொம்பு பிடித்துக் கதவிடுக்கில் நீட்டினார். "கண்ணுக்கு மட்டும்."

மனோகரன் சார் வேட்டியும் துண்டுமாக, தலையில் சீயக்காய் காய்ந்து கெட்டியாகியிருக்க, ஒரு தட்டில் சூடத்தோடு படி இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பல தலைகளில் சோப்பு. பிள்ளையார் பக்கத்திலிருந்து சாவியை எடுத்து அறையைத் திறந்தார். சூடம் காட்டினார். "குத்தம் குறை இருந்தா என் மாமனாரைக் கேட்டுக்கோ சாமி" என்று முணுமுணுத்து மாலையைக் கழற்றினார். தன் துண்டின் நுனியாலேயே திரையைத் துடைத்தார்.

சந்தனத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்ததும் அக்கா 'ஐயோ' என்றார். கணினியோடு எந்தெந்தக் கருவி பேசலாம் என்று அனுமதி எழுதி வைத்திருக்கும் கோப்பு அது. மோட்டாருக்கு அனுமதியை அதில்தான் கைப்பட எழுதியிருந்தார்.

அவர் விரல் வழக்கம்போல 'மாற்று' பக்கம் போனது. நான் பார்த்தேன். புதிய பதிப்பு, புதிய கோப்பு, எல்லாம் ஒரே சுத்தமாக இருக்கும். அவர் கையில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. அம்புக்குறி பொத்தான் மேல் போய் நின்றது.

"ஏம்மா, எதுல தண்ணி வரும்?" என்றார் சார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

அக்கா அம்புக்குறியை மெதுவாக இடப்பக்கம் இழுத்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக 'வைத்திரு' என்பதை அமுக்கினார்.

நீளக் கோடு மீண்டும் நகர்ந்தது. கணினி அணைந்தது. அணைந்தே இருந்தது. தேவா சுவிட்சுப் பெட்டியின் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒட்டடைக் கம்பை வேல் மாதிரி பிடித்திருந்தார். பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. வட்ட முனைகளோடு, மெல்லிய நீலத்தில், எங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒரு முகப்பு. அதன் நடுவில் மோட்டார் ஜன்னல் தானாகவே திறந்து, பச்சைப் பொத்தான் வட்டமாகச் சிரித்தது. அக்கா அமுக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஒருமுறை உறுமி, ஓட ஆரம்பித்தது.

மேல் மாடிகளில் கைதட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். சார் எதையும் பார்க்காமல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, தலை காய்ந்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்தார். சாவி அவர் கையில் இருந்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"கூட்டத்துல என்ன சொன்னோம்?" என்றார் சார்.

"தண்ணி நின்னா சாவியைக் குடுத்துடணும்னு சார்."

"தண்ணி நின்னுச்சா?"

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். வாசலில் பாயசப் பாத்திரத்தோடு நின்ற ராஜகுமாரி அம்மாவுக்கு மட்டும் புரிந்து, சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

சார் தொண்டையைக் கனைத்தார். "தண்ணி நின்னுச்சுன்னு சொன்னா, எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. மாலையை எடுத்தேன்னு சொல்லணும். எந்தப் பஞ்சாங்கப்படி எடுத்தேன்னு கேப்பாங்க. நான் செயலாளர். என்னால அதெல்லாம் கூட்டத்துல சொல்ல முடியாது. அதனால தண்ணி நிக்கலை. கொஞ்சம் மெதுவா வந்துச்சு."

"மெதுவாதான் சார் வந்துச்சு" என்றார் அக்கா அவசரமாக.

"இன்னிக்கி மெதுவாத்தான் வந்துச்சு நைனா. நானே பாத்தேன்" என்றார் தேவா.

சார் சாவியை மேசை மேல் வைத்தார். அக்கா உடனே எடுக்கவில்லை. கயிற்றை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொண்டார்.

"ஆனா அடுத்த வருஷம் புதுசு பண்றதை விஜயதசமிக்கு அப்புறம் வெச்சுக்கோ. எந்தச் சுவரோட விஜயதசமியா இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு, சார் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டினார். மூலைக்கு மூலை மவுஸை ஓட்டினார்.

"ஏம்மா. பட்டை எங்க?"

"அது இப்ப மூணு புள்ளியா ஆயிடுச்சு சார். மேல வலது பக்கம்."

"கோலத்துக்குப் புள்ளி வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்களா?" என்று முனகிக்கொண்டே அதை அமுக்கினார். லாரித் தண்ணீர்க்காரர் எண் வந்தது. திருப்தியோடு தலையாட்டினார்.

மறுநாள் காலை, கிழக்குச் சுவரின் விஜயதசமி. மனோகரன் சார் விடிந்ததும் சாவியை வாங்கிப் போய்த் தன் கணக்குக்கு ஒரு பூஜை முடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். அக்கா அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். நானும் அவரோடுதான் பேருந்துக்குப் போகிறவள், வாசலில் நின்றேன். புதிய முகப்பின் மூலையில் அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி வந்திருந்தது. ஏதோ ஒரு சின்னத் திருத்தம், இரண்டு நிமிட வேலை என்றார் அக்கா. கை மவுஸ் பக்கம் போனது.

மவுஸ் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. நேற்றைய பழம் அல்ல, புதியது. நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒரு பொட்டை உரித்துச் சிவப்புப் புள்ளியின் மேல் ஒட்டிவிட்டு, அறையைப் பூட்டினார்.